ஆடு மேயும் இடம்

பிப்ரவரி 4

அண்ணிக்கு,

போன் பண்ணியிருக்கலாம். பண்ணினால் நீங்கள் எடுக்க மாட்டீர்கள். எடுத்தால் என்னைப் பேச விட மாட்டீர்கள். தாளில் எழுதினால் முடிக்கும் வரை யாரும் குறுக்கே வர முடியாது. அதனால்தான் எழுதுகிறேன். கிழித்துப் போடுவதாக இருந்தாலும் படித்துவிட்டுக் கிழியுங்கள்.

உங்கள் மகன் ஒரு படம் அனுப்பினான். அவனைத் திட்டாதீர்கள். அத்தையும் மருமகனும் எப்போதாவது பேசிக்கொள்வது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உங்களுக்குத் தெரியாமல் அந்தத் தெருவில் ஒரு பூனைகூடக் குட்டி போட்டதில்லை.

பள்ளிக்கூடப் பிள்ளைகள் தெருவின் பழைய கதைகளை வீடு வீடாக விசாரித்து, மில் ஓடிய காலத்தில் தெரு எப்படி இருந்ததோ அப்படியே உங்கள் வீட்டுப் பக்கச் சுவரில் வரைந்திருக்கிறார்களாம். விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மில் வாசல் இருந்தது. சங்கு வைத்த கோபுரம் இருந்தது. குழாயடியில் வாளிகள் சண்டைக்கு நிற்பதுபோல் நின்றன. சலூனுக்கு வெளியே கால் உடைந்த பெஞ்சு, அதற்கு முட்டுக் கொடுத்த செங்கல்கூட வரைந்திருந்தார்கள். செங்கலைப் பார்த்ததும் யார் சொல்லி வரைந்தார்கள் என்று புரிந்துவிட்டது. வேறு யாருக்கு அந்தச் செங்கல் ஞாபகம் இருக்கப் போகிறது?

அப்புறம் உங்கள் வீடு. வாசலில் அண்ணனின் சைக்கிள். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு அடுத்து என் வீட்டைத் தேடினேன்.

புல் வரைந்திருக்கிறார்கள். புல்லில் ஒரு ஆடு மேய்கிறது. அதைத் தாண்டினால் மரப்பட்டறை.

அண்ணி, உங்கள் வீட்டுச் சுவரையே தன் வீட்டுக்கும் ஒரு சுவராக வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் கட்டிய முதல் வீடு அது. ஊர் ஊராக எத்தனையோ பேருக்கு வீடு கட்டிய கொத்தனாருக்கு, தனக்கென்று கட்டியது அது ஒன்றுதான். அவர் போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. உங்களுக்குச் சொல்லி அனுப்பினேன். பதில் வரவில்லை. அதைக் கேட்க இதை எழுதவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் அங்கே வீடு இல்லை என்று சொன்னது யார்?

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 12

நாத்தனாருக்கு,

கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. என் எழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். மூன்றாம் வகுப்போடு என்னை நிறுத்திவிட்டது உனக்குத் தெரியும். நீ எட்டு வரைக்கும் போனது எனக்கும் தெரியும். எழுத்துக்கூட்டிப் படித்துக்கொள்.

முப்பது வருஷம் கழித்து ஒரு ஆட்டுக்காகக் கடிதம் போடுகிறாய். உன் அண்ணன் போனபோது வந்தாய். வாசலில் நின்றாய். சாயங்கால பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாய். அன்றைக்கு நீ கட்டியிருந்த புடவையின் கரை என்ன நிறம் என்று சொல்லட்டுமா? செருப்பில் ஒரு வார் அறுந்து ஊக்கு குத்தியிருந்தாய், அது இடது காலா வலது காலா என்று சொல்லட்டுமா? எல்லாம் இருக்கிறது என்னிடம். எதுவும் எங்கேயும் போகவில்லை.

வீட்டைப் பிரித்தீர்கள். கதவு, ஜன்னல், உத்திரம், ஓடு எல்லாவற்றையும் லாரியில் ஏற்றினீர்கள். உங்கள் பொருள், கொண்டு போனீர்கள், நான் கேட்க ஆளில்லை. ஆனால் என் சுவரை மழைக்கு நிறுத்திவிட்டுப் போனாயே, அது யார் பொருள்? உள்பக்கமாக இருந்த சுவர் ஒரே நாளில் வெளிப்பக்கமாகிவிட்டது. அந்த வருஷ மழையில் அடுப்படி முழுக்க ஒழுகியது. உன் அண்ணன் இருமிக்கொண்டே ஏணியில் ஏறித் தகரம் அடித்தார். நான் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். “அவள விடு, ஆணியக் குடு” என்றார். அவ்வளவுதான் உன்னைப் பற்றி அவர் பேசியது.

பிள்ளைகள் விஷயத்துக்கு வருகிறேன். சரித்திர டீச்சர் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு வந்தாள். “பாட்டி, இந்தத் தெருவே உங்க ஞாபகத்துக்குள்ளதான் இருக்கு” என்றாள். “பாட்டின்னு உங்க வீட்ல கூப்பிடு, இங்க அக்கா” என்றேன். அத்தனையும் தரையில் உட்கார்ந்துகொண்டு வாயைப் பார்த்தன. ஒன்று சொல்லி முடித்தால் “அப்புறம்?” என்றன. என் வாழ்நாளில் என்னை யாரும் அப்புறம் என்று கேட்டதில்லை. “போதும் நிறுத்து” என்றுதான் கேட்டிருக்கிறேன். அதனால் சொன்னேன், தொண்டை கட்டும் வரைக்கும் சொன்னேன்.

தெருவில் நிற்பதைச் சொன்னேன். தானே பிரித்துக்கொண்டு போனவள் வீட்டை நான் ஏன் சொல்ல வேண்டும்? வரைவதற்கு இடம் வேண்டும் என்றார்கள். தகரத்தைக் கழற்றி, சுவரை வழவழவென்று பூசிக் கொடுத்தேன். யார் கொடுப்பார்கள்? ஆட்டை நான் சொல்லவில்லை. அது அந்தப் பிள்ளைகளாகப் போட்டது. புல் மட்டும்தான் நான் சொன்னது.

கொத்தனார் போன செய்தி வந்தது. வரவில்லை. முட்டி வலி.


பிப்ரவரி 21

அண்ணிக்கு,

இடது கால். கருப்பு வார். வீட்டுக்கு வந்து கழற்றியபோதுதான் ஊக்கு காலில் கிழித்திருந்தது தெரிந்தது. நானும் சிலதை மறக்கவில்லை.

நிற்பதை மட்டும்தான் சொன்னீர்களா? மில்லும்தான் இடிந்து போயிற்று. சங்குக் கோபுரம் இருந்த இடத்தில் லாரி நிறுத்துகிறார்கள் என்று மருமகன் சொன்னான். அதை வரைந்திருக்கிறார்களே.

சரி, அதை விடுங்கள். உங்கள் கடிதத்தில் ஒரு வரியில் நின்றுவிட்டேன். தகரத்தைக் கழற்றிச் சுவரைப் பூசினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அது என் வீட்டுப் பக்கம்தானே? தகரத்துக்குள் நீலம் அப்படியே இருந்ததா? முளைகள் இருந்தனவா?

உங்களுக்கு முளைகள் தெரிந்திருக்காது. அதை அடித்த காலத்தில் நீங்கள் உள்ளே வந்ததில்லை. மில்லுக்குப் போகிற பெண்கள் காலையில் பிள்ளைகளை என்னிடம் விட்டுப் போவார்களே, ஒவ்வொன்றும் ஒரு பையோடு வரும். மாற்றுத் துணி, பால் புட்டி, கிலுகிலுப்பை. பைகள் குழம்பிப்போய், அவள் பிள்ளையின் ஜட்டி இவள் பிள்ளைக்கு ஏறி, குழாயடியில் சண்டை. ஒரு நாள் என் வீட்டுக்காரர் அந்தச் சுவரில் வரிசையாக மர முளை அடித்தார். பிள்ளைகள் தாங்களே எட்டி எடுக்கிற உயரத்தில் அடித்தார். யாருக்கும் எழுத்துத் தெரியாது, அதனால் பெயர் எழுதிப் பயனில்லை. ஒவ்வொரு தாயையும் கூப்பிட்டு ஒரு நிறம் சொல்லச் சொன்னார். சலூன்காரனின் அம்மா பச்சை சொன்னாள். டீக்கடை அக்கா மஞ்சள் கேட்டு, அதிலும் வெளிர் மஞ்சள்தான் வேண்டும் என்று நின்றாள். அவரும் கலந்து கொடுத்தார். நடக்கப் பழகிய பிள்ளைகள் முதலில் போய்ப் பிடித்துக்கொண்டு நிற்பது அந்த முளைகளைத்தான்.

வீட்டைப் பிரித்தபோது எல்லா மரத்தையும் எடுத்தார். முளையில் குறடைப் போட்டதும் நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “இது அண்ணி சுவரு, இதுல இருக்கிறது இங்கயே இருக்கட்டும்” என்றேன். உங்கள் மகன் சுருட்டை பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்க்கும்போது ஏதாவது ஒன்று இருக்கட்டும் என்று நினைத்தேன்.

இருக்கிறதா, அண்ணி? பூச்சுக்கு உள்ளேயாவது?

உங்கள் நாத்தனார்


மார்ச் 2

நாத்தனாருக்கு,

முளையாம் முளை. எல்லாம் மக்கிப்போன மரம்.

நீ கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்லாமல் விட்டால், நான் ஏதோ மறைக்கிறேன் என்பாய். அதனால் நடந்ததை எழுதுகிறேன். படித்துவிட்டு, இதில் என் தப்பு என்ன என்று நீயே சொல்.

அந்தக் கூட்டத்தில் நம் தையல்காரர் மகள் ஒருத்தி. ஒன்பதாவது படிக்கிறாள். அப்பனின் இஞ்சு டேப்பை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டு தெருவையே அளந்தாள். மற்ற பிள்ளைகள் என் வாயைப் பார்க்கும்போது இவள் மட்டும் தரையைப் பார்ப்பாள். தகரம் கழற்றிய அன்றைக்குச் சுவர் முன்னால் போய் நின்றவள் நகரவே இல்லை. நீலம் நேற்று அடித்தது மாதிரி இருந்தது, அது உண்மை.

“அக்கா, வெளிச்சுவத்துக்கு யாராவது இப்பிடி நீலம் அடிப்பாங்களா?”

“எங்க வீட்டுக்காரருக்கு நீலம் பிடிக்கும்.”

“இது என்ன, இடுப்பு உயரத்துல வரிசையா முளை? ஒண்ணொண்ணும் ஒரு கலர்ல?”

“ஆடு கட்ட.”

“ஆடு கட்டத் தரையிலதான அடிப்பாங்க? கலர் எதுக்கு?”

“எங்க ஆடு அழகு பாக்கும்” என்றேன். எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டீச்சரும் சிரித்தாள். அவள் மட்டும் சிரிக்கவில்லை.

ஆக, ஆடும் நான் சொன்னதுதான். போன கடிதத்தில் இல்லை என்று எழுதினேன். வைத்துக்கொள், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்.

அதோடு விட்டாளா? வரைபடத்தில் என் வீட்டுக்கும் பட்டறைக்கும் நடுவே பென்சிலால் ஒரு வீடு போட்டுவிட்டாள். “டீச்சர், மண்ணுக்குள்ள அஸ்திவாரக் கல்லு இருக்கு. நாலு பக்கமும் அளந்துட்டேன். வாசப்படி இங்க வரும்.” டீச்சர் என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். இப்படியும் அப்படியும், இல்லை என்று. “அக்காவ விடவா உனக்குத் தெரியும்? அழி” என்றாள் டீச்சர். அவள் அழித்தாள். ரப்பரால் மெதுவாக, ஓரம் ஓரமாக அழித்தாள். மறுநாளிலிருந்து வரவில்லை.

சலூன்காரனும் நடுவில் மூக்கை நுழைத்தான். “எனக்கென்னமோ ஒரு நீல ரூம் ஞாபகம் வந்துட்டே இருக்கு அக்கா.” “அப்ப உனக்கு ஒழுகுற மூக்கத் தொடைக்கத் தெரியாது, ரூம் ஞாபகம் வருதாம்” என்றேன். அவனும் சிரித்துக்கொண்டு கத்தியைத் தீட்டப் போய்விட்டான். தெருவில் பழைய ஆட்கள் இன்னும் ரெண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். யாரும் வாயைத் திறக்கவில்லை. என் வாய்க்கு முன்னால் யார் திறப்பார்கள்?

பூச்சு பிடிக்காது என்று பட்டறைக்காரரைக் கூப்பிட்டு முளைகளைச் சுவரோடு சுவராக அறுக்கச் சொன்னேன். அறுத்த துண்டுகளைக் குப்பையில் போட்டேன். தையல்காரர் மகள் வந்து அதைப் பொறுக்கிப் பைக்குள் போடுவதை ஜன்னலில் பார்த்தேன்.

இப்போது நான் கடைப்பக்கம் போனால் தையல்காரர் தலையைக் குனிந்துகொண்டு மெஷினை மிதிக்கிறார். ஓடாத மெஷினை மிதிக்கிறார். ஒரு சின்னப் பெண்ணின் பென்சில் கோட்டுக்கு இவ்வளவு ரோஷம்.

இந்த மாசம் இருபத்தெட்டாம் தேதி சுவர் திறப்பு. ரிப்பனை நான்தான் வெட்ட வேண்டுமாம். தெருவின் ஞாபகம் என்று என்னைப் பற்றி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். அதைத் தாண்டித்தான் தினமும் குழாய்க்குப் போகிறேன். நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.


மார்ச் 11

அண்ணிக்கு,

இதில் உங்கள் தப்பு என்ன என்று கேட்டிருந்தீர்கள். தெரியாமலா கேட்டீர்கள்?

என் வீட்டை மறைத்தது நமக்குள் உள்ள சண்டை. அதை வைத்துக்கொள்ளுங்கள், நான் பழகிவிட்டேன். ஆனால் மண்ணைக் கிளறி, கல்லைக் கண்டு, ஒழுங்காக அளந்து சொன்ன ஒரு பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கியிருக்கிறீர்கள். அவள் இனிமேல் கண்ணால் பார்த்ததையும் நம்ப மாட்டாள். சலூன்காரன் ஒரு நீல அறையை மனசில் வைத்துக்கொண்டு, அது எங்கே இருந்தது என்று தெரியாமல் இந்த வயசு வரை வந்திருக்கிறான். அவன் கையிலிருந்தும் பிடுங்கிவிட்டீர்கள். எனக்கு வீடு வேண்டாம். அந்தப் பெண் போட்ட வீட்டை அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள்.

இவ்வளவு எழுதிவிட்டேன், இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். சுவர் ஒழுகியதற்காக யாரும் முப்பது வருஷம் பேசாமல் இருப்பதில்லை. நீங்கள் ஒரு நாள் ஷிப்ட் முடிந்து வந்தபோது, உங்கள் பிள்ளை என்னை அம்மா என்று கூப்பிட்டது உங்கள் காதில் விழுந்தது. என் வாசலில் நின்றிருந்தீர்கள். அதற்கு அப்புறம் ஒரு நாளும் நீங்கள் படியேறவில்லை. “பிள்ளையக் குடு” என்று வெளியிலிருந்தே கையை நீட்டுவீர்கள். நான் கொண்டு வந்து கொடுப்பேன். அவன் சில நாள் அழுவான். உங்கள் முகம் எனக்கு இப்போதும் தெரிகிறது.

அவன் கூப்பிட்டது நிஜம். பால் புகட்டுகிறவளை ஒரு வயசுப் பிள்ளை வேறு எப்படிக் கூப்பிடும்? ஆனால் உங்களுக்குத் தெரியாத மிச்சம் ஒன்று இருக்கிறது. சங்கு ஊதியதும் நான் அவனை ஜன்னலில் தூக்கி நிறுத்துவேன். மில் வாசலிலிருந்து பெண்கள் கும்பலாக வருவீர்கள். “அதோ பாரு, அம்மா” என்று காட்டுவேன். தினமும் காட்டுவேன். கொஞ்ச நாளில் நான் காட்டுவதற்கு முன்னால் அவன் காட்டினான். அத்தனை பேர் ஒரே நீலச் சேலையில் வரும்போது, கையை வீசாமல் நடக்கிறவள் எங்கே என்று தேடுவான். அந்த வார்த்தையை அவனிடமிருந்து வாங்கி உங்கள் நடைக்குக் கொடுத்தேன், அண்ணி. நீங்கள் உள்ளே வந்திருந்தால் பார்த்திருப்பீர்கள்.

என் பங்குக்கு ஒரு பாவம் இருக்கிறது. அவன் பள்ளிக்கூடத்தில் இருக்கும் நேரமாகப் பார்த்து லாரி ஏறினேன். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டு போகத் துணியவில்லை. வந்து பார்த்து, காலி இடத்தில் நின்றிருப்பான். அதற்கு நீங்கள் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

ரிப்பன் வெட்டுவதற்கு இன்னும் நாள் இருக்கிறது.

உங்கள் நாத்தனார்


ஏப்ரல் 6

சிட்டு,

இந்தக் கையெழுத்தைப் பார்த்து மிரளாதே. நான் சொல்ல தையல்காரர் மகள் எழுதுகிறாள். நானே எழுதினால் பாதியில் மழுப்பிவிடுவேன், அதனால்தான் இந்த ஏற்பாடு. இவளிடம் மழுப்ப முடியாது. (அக்கா இப்பவும் நடு நடுவுல மழுப்பறாங்க. நான் விடறதில்ல. - எழுதுபவள்.)

உன் கடிதத்தை மகனிடம் காட்டவில்லை. தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு நாளைக் கடத்தினேன். திறப்புக்கு முதல் நாள் ஒரு ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அதைப் பிரித்து விட வேண்டிய அவசியம் எதுவும் இல்லை, உடம்பு வற்றித்தான் போயிருக்கிறது. அவள் மூலையில் உட்கார்ந்து பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“பாப்பா, அந்த முளைங்களையெல்லாம் என்ன பண்ணின?”

“எந்த முளை? ஆடு கட்டுற முளையா?”

தையல்காரர் வாயில் ஊசியை வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

“அது ஆடு கட்டுறது இல்ல.”

“அப்ப?”

சொன்னேன். நின்றபடியே சொன்னேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. கேட்டுவிட்டு, “இருங்க” என்று உள்ளே போய்ப் போனை எடுத்து வந்தாள். பொத்தானை அழுத்தி என் முகத்துக்கு முன்னால் நீட்டி, “மொதல்லருந்து சொல்லுங்க” என்றாள். அத்தனை பேர் முன்னால் பொய் சொன்னபோது வராத வியர்வை அப்போது வந்தது. முடித்ததும், “எங்கிட்ட மட்டும் சொன்னா எப்பிடி? சுவத்துகிட்ட வெச்சுதான இல்லேன்னீங்க. அங்கயே வந்து சொல்லுங்க” என்றாள். தையல்காரர் “பெரியவங்ககிட்ட இப்பிடியா பேசுவ?” என்று அதட்டினார். அதட்டல் ஒன்றும் பலமாக இல்லை.

மறுநாள் தெருவே கூடியிருந்தது. தலைமை ஆசிரியர், நகராட்சி ஆள், மாலை, மைக். கத்திரிக்கோலை ஒரு தட்டில் வைத்து நீட்டினார்கள். கை போகவில்லை. ஆட்டைப் பார்த்தேன். நன்றாகத்தான் வரைந்திருக்கிறார்கள், பாவம், வாயில் புல் தொங்குகிறது. “டீச்சர், கத்திரிக்கோல் வேணாம். உளி இருந்தாக் குடுங்க” என்றேன். கிழவிக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று நினைத்தார்கள். மைக்கைப் பிடித்துக்கொண்டு எல்லாம் சொன்னேன். அங்கே ஒரு வீடு இருந்தது, என் நாத்தனார் வீடு. இந்தத் தெருப் பிள்ளைகள் பாதிப் பேர் நடக்கப் பழகியது அதற்குள்தான். எனக்கு அவள்மேல் ஆங்காரம், அதனால் இல்லை என்றேன். தையல்காரர் மகள் சொன்னதுதான் சரி, நான் சொன்னது பொய். இவ்வளவுதான் சொன்னேன்.

கை தட்டுவார்கள் என்று நான் போகவில்லை. யாரும் தட்டவும் இல்லை. சலூன்காரன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். “எனக்குத்தான் மண்டையில கோளாறுன்னு நெனச்சிட்டிருந்தேன் அக்கா. எங்க வீட்லயும் நீல ரூம் இல்ல, சொந்தக்காரங்க யார் வீட்லயும் இல்ல” என்றான். அழுதானா சிரித்தானா தெரியவில்லை. டீக்கடை அக்காவின் மகள் என்னிடம் வந்து, “எங்கம்மா கடைசி வரைக்கும் அந்தச் சிட்டக்கா எங்கன்னு கேட்டுட்டே போனாங்க. உங்களுக்கு அவங்க எங்க இருக்காங்கன்னு தெரியும். ஒரு வார்த்த சொல்லல நீங்க” என்றாள். அவள் என்னிடம் பேசுவதை அதோடு நிறுத்திவிட்டாள். குழாயடியில் நான் போனால் வாளியைத் தூக்கிக்கொண்டு போகிறாள். அதுவும் எனக்கு வர வேண்டியதுதான்.

டீச்சர் முகம் செத்துவிட்டது. ஆட்டின்மேல் வெள்ளை அடித்து வீட்டை வரைந்துவிடலாம் என்றாள். இவள் விடவில்லை. “மறுபடியும் மேல மேல அடிக்காதீங்க டீச்சர். உள்ள இருக்கிறதையே காட்டலாம்” என்றாள். பட்டறைக்காரர் உளியை வைத்துத் தட்டித் தட்டிப் பூச்சை எடுத்தார். அவர் அறுத்ததை அவரே தேடினார். ஆட்டின் தலை போயிற்று, முன்னங்கால் போயிற்று, உள்ளேயிருந்து உன் நீலம் வந்தது. பின்பாதி ஆட்டை எடுக்கப் போனபோதும் இவள்தான் தடுத்தாள். அது இருக்கட்டுமாம். இங்கே ஒருத்தி பொய் சொன்னாள் என்பதும் நடந்ததுதானே என்றாள். ஆக, பாதி ஆடு நிற்கிறது. நான் உள்ள வரைக்கும் அதைப் பார்த்துக்கொண்டுதான் வெளியே போக வேண்டும். (அக்கா, தகரம் அடிக்காம விட்டிருந்தா நீலமே மிஞ்சியிருக்காதுன்னு நான் சொன்னதையும் சொல்லுங்க. - எழுதுபவள்.) இவள் சும்மா சமாதானம் சொல்கிறாள். நான் அடித்தது அடுப்படிக்கு.

துண்டுகளை எல்லாம் பொத்தான் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தாள். மரத்தின் கோடு பார்த்து ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் பொருத்திப் பட்டறைக்காரர் பசை போட்டு ஒட்டினார். சலூன்காரன் பச்சையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் குனிந்தபடி நின்றான். வேறு தெருவுக்குப் போனவர்களும் பிள்ளை குட்டிகளோடு வந்து தேடினார்கள். வெளிர் மஞ்சளுக்கு டீக்கடை அக்காவின் மகள் வந்தாள், நான் உள்ளே போய்விட்டேன்.

இப்போது சொல்லப் போவதற்குத்தான் இத்தனையும். எல்லாருக்கும் அவரவருடையது கிடைத்துவிட்டது. என் பிள்ளையுடையது எது என்று எனக்குத் தெரியவில்லை. உன் செருப்பு வாரை ஞாபகம் வைத்திருந்தவளுக்கு, பிள்ளையின் பை எங்கே தொங்கியது என்று தெரியவில்லை. பார்த்திருந்தால்தானே. சிவப்பு ஒன்று இருக்கிறது, ஊதா ஒன்று இருக்கிறது. ஜன்னல் ஓரமாகக் கடைசியில் ஒன்றுக்கு நிறமே இல்லை, வெறும் மரம். பெயிண்ட் தீர்ந்திருக்கும் என்கிறாள் இவள். மகனைக் கேட்டேன். சாவியைக் கையில் சுழற்றிக்கொண்டே “அத்தையவே கேளு” என்று சொல்லிவிட்டு பஸ் ஓட்டக் கிளம்பிவிட்டான்.

எது, சிட்டு? எந்த நிறம்?

கொத்தனார் போனதற்கு வந்திருக்க வேண்டும். முட்டி நன்றாகத்தான் இருந்தது.

அண்ணி


ஏப்ரல் 14

அண்ணி,

அந்தப் பெண்ணிடமே இதைப் படிக்கச் சொல்லுங்கள். அவள் அளந்ததற்கு என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் சுவர் நேராக நிற்கிறதா என்று பார்க்கிற தன் தூக்குக்குண்டை எடுத்து அவள் கையில் கொடுத்திருப்பார். நான் கொண்டு வருகிறேன்.

பெயிண்ட் தீரவில்லை. டப்பாவில் நிறைய இருந்தது. சுருட்டையின் முளை அந்தக் கடைசியில் இருப்பதுதான். ஜன்னலுக்குப் பக்கத்தில் அவனுக்கென்று அடித்தார். மற்ற தாய்மார்கள் எல்லாரும் வந்து நிறம் சொல்லிவிட்டுப் போனார்கள். அவனுடையதுக்கு என்ன அடிக்க என்று பிரஷைக் கையில் வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார். நான் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. “அவங்கம்மா உள்ள வந்து சொல்லட்டும்” என்றேன்.

காத்திருந்தோம். அது அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் பிள்ளைகளிடம் பிரஷ் இருக்கும். நீங்கள் நிறத்தைச் சொல்லி வையுங்கள். நான் வரும் வரைக்கும் அடிக்க வேண்டாம்.

சிட்டு